ஓதலும் உணர்தலும்: யூசுபு நபி வரலாறும் சிறார் வாசிப்பும்

தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் குர்ஆன் 'ஓதப்படுகிறது', பாடநூல் 'படிக்கப்படுகிறது'. மக்தபில் ஹஜ்ரத்திடம் ஓதும் குழந்தை, அரபு எழுத்துகளின் பிறப்பிடம் பிசகாமல் ஒலிக்கக் கற்கிறது. பொருள் அங்கு முதற்கண் கேட்கப்படுவதில்லை. தொல்காப்பியர் பிரிவிற்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சுட்டும் 'ஓதல்' கல்வியையே குறித்த சொல். இங்கு அதன் பொருள் சுருங்கியுள்ளது. இது குறையன்று, ஒலித்திருத்தம் வழிபாட்டின் கூறு. பிழையின்றி ஒலிப்பதே வாசிப்பு என்னும் எண்ணம் தமிழ்ப் பாடத்திற்கும் பரவும்போதே இடர் தோன்றுகிறது.

இவ்விடைவெளியை முன்னோர் அறிந்திருந்தனர். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ், ஓதத் தெரிந்தவர் பொருளையும் உணர வழிசெய்தது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா, அப்துல்லா இப்னு சலாம் வினவ நபிகள் நாயகம் விடையிறுப்பதாக அமைந்தது. கற்பித்தல் நோக்கில் மசலாவிற்கு ஓர் எல்லை உண்டு. வினாவும் விடையும் நூலிலேயே அமைந்துவிடுவதால், குழந்தை அவற்றை மனப்பாடம் செய்துவிட இயலும். கிஸ்ஸா அவ்வாறன்று, அதில் வினாவைக் கேட்பவரே எழுப்ப வேண்டும்.

தமிழில் கிஸ்ஸாவாகப் பாடப்பெற்றதும், 20ஆம் நூற்றாண்டில் சாரணபாஸ்கரனால் 'யூசுப் ஜுலைகா' எனக் காப்பியமானதுமான யூசுபு நபி வரலாறு இதற்குச் சிறந்த சான்று. குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் சட்டை மூன்று இடங்களில் கதையைத் திருப்புகிறது. பொய்க் குருதி தோய்ந்த சட்டையுடன் வந்த மைந்தர், ஓநாய் தின்றதென்கின்றனர்; யஃகூபு நபி நம்பவில்லை. ஏன்? மூலம் காரணத்தை விரித்துரைக்கவில்லை. ஓநாய் கடித்த சட்டை கிழியாதிருக்குமா என்று விரிவுரை மரபு வினவியது. இவ்வினாவைத் தானே அடையும் குழந்தை வரிகளுக்கிடையே வாசிக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த சட்டை முன்புறம் கிழிந்ததா, பின்புறம் கிழிந்ததா என்பதைக் கொண்டு குற்றம் யாருடையது எனத் தெளியப்படுகிறது. சான்றை ஆராயும் முறையைக் கதையே கற்பிக்கிறது. மூன்றாம் சட்டை தந்தைக்குப் பார்வையை மீட்கிறது. இங்கு ஊகத்திற்கு வேலையில்லை. இது நம்பிக்கைக்குரிய அற்புதம். முன்னிரண்டையும் இதனையும் ஒரே வகை வினாவால் அணுகும் ஆசிரியர் இரண்டையும் கெடுத்துவிடுவார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை நாடிவரும் வடமாநிலக் குடும்பங்களின் முஸ்லிம் குழந்தைகளுக்குத் தமிழ் வீட்டுமொழியன்று. யூசுபின் கதையை வீட்டில் கேட்டிருக்கும் குழந்தை, அறியாத தமிழ்ச் சொல்லையும் கதைப்போக்கால் ஊகித்துக்கொள்ள முடியும். அதே அறிமுகம் மறுபுறம் பனுவலைப் பாராமலே விடைசொல்லவும் வைக்கும். எனவே 'யூசுபை யார் கிணற்றில் இட்டனர்?' என்பது வாசிப்பை அளக்கும் வினாவாகாது. 'சட்டையைப் பற்றி இப்பத்தி கூறுவது எது, கூறாமல் விட்டது எது?' என்பதே அளக்கும். கதை முடிந்தவுடன் 'நீதி யாது?' என்று கேட்கும் வழக்கம் இவ்வினாக்களுக்கு இடம் தருவதில்லை.

பல சமயக் குழந்தைகள் அமரும் வகுப்பில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. விவிலியத்தின் ஆதியாகமத்தில் யாக்கோபு, குருதி தோய்ந்த அங்கியைக் கண்டு, கொடிய விலங்கு மகனைக் கொன்றதென்றே நம்புகிறார். ஒரே தடயத்தை ஒரு தந்தை நம்புகிறார், ஒரு தந்தை ஐயுறுகிறார். இரு பகுதிகளையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் தந்தை கூறும் சொற்களை அடிக்கோடிடச் செய்வதே பயிற்சியின் முதற்படி.