பண்டிகையும் வீட்டுக் குப்பையும்

கேள்வி: அன்றாடம் வீட்டில் சேரும் குப்பையையும், பண்டிகை நாட்களில் அது பன்மடங்காவதையும் குறைக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அவசியம் உண்டு. காய்கறித் தோல், வாடிய பூச்சரம், தேயிலைச் சக்கை ஆகியவற்றைத் தனியே பிரித்து, துவாரமிட்ட மண்தொட்டியில் காய்ந்த சருகுடன் அடுக்கடுக்காக இட்டு, வாரந்தோறும் கிளறி வருவீர்களாயின், இரண்டு மூன்று மாதங்களில் அது செடிகளுக்கு உத்தமமான உரமாகப் பரிணமிக்கும். ஈரக் குப்பை விலகிவிட்டால், எஞ்சிய காகிதமும் கண்ணாடியும் தகரமும் அழுக்குறாமல் பழைய சாமான் வியாபாரியிடம் போய்ச் சேரும்.

பண்டிகைகளில் போகியைப் பற்றியே எனக்கு மிகுந்த விசாரம். பழையன கழித்தல் என்னும் உயரிய தத்துவம், டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தும் வழக்கமாகச் சீர்கெட்டு, 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் புகை பனியுடன் கலந்து விமானப் போக்குவரத்தையே பாதிக்கும் அளவுக்கு முற்றியது. உடுக்கத்தக்க ஆடையைத் தேவைப்படுவோருக்கு அளிப்பதும், கிழிந்ததைக் கரித்துணியாக்குவதுமே மெய்யான கழித்தல். விருந்துக்கு வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும், கடைவீதிக்குத் துணிப்பையும் என்று நியமம் செய்துகொண்டால், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ள பிளாஸ்டிக் கப்புக்கும் பைக்கும் உங்கள் இல்லத்தில் பிரவேசமே இராது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் வாங்குமுன் அதன் அவசியத்தைச் சிந்தியுங்கள். வாங்காத பொருள் ஒருநாளும் குப்பையாவதில்லை.