வயதான குதிரைக்கு அவசர சிகிச்சை: செலவும் ஏற்பாடும்

நன்றாகப் பராமரிக்கப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். 15 வயதைத் தாண்டினால் அதை மூத்த குதிரையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது மருத்துவ வழக்கம். பந்தய வண்டியிலும் கல்யாண ஊர்வலச் சாரட்டிலும் உழைத்த குதிரை அதற்கு முன்பே தளர்ந்துவிடும். மண்ணச்சநல்லூர், சமயபுரம், நெ.1 டோல்கேட் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு மாடு உண்டு. குதிரை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கே மருந்தகம், மருந்துக்கடை, காப்பீடு, அக்கம்பக்கத்தார் யோசனை எல்லாமே மாட்டை மனதில் வைத்து அமைந்தவை. குதிரைக்காரரின் பணம் பெரும்பாலும் இந்த மாட்டுக் கணக்கிலேயே கரைகிறது.

மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும்போது மூன்றைப் பார்ப்பார்கள்: மாட்டின் விலை என்ன, இன்னும் எத்தனை ஈத்து கறக்கும், தேறாவிட்டால் வியாபாரி என்ன கொடுப்பார். 20 வயதுக் குதிரைக்கு இந்த மூன்றும் இல்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஓட்டிப் போனாலும், வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆகவே ‘குதிரை விலைக்கு மேல் வைத்தியச் செலவா?’ என்று டீக்கடையில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சந்தை விலையை வரம்பாக வைத்தால் முதல் ஊசியிலேயே வரம்பு தாண்டிவிடும். கடன் வாங்காமல் குடும்பத்தால் எடுக்கக்கூடிய தொகை எவ்வளவு, அந்தக் குறிப்பிட்ட நோயில் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டும்தான் வரம்பைத் தீர்மானிக்க வேண்டும். முதலாவதை, குதிரை ஒழுங்காகக் கொள்ளுத் தின்று நிற்கும் நாளிலேயே முடிவு செய்யலாம். அறுவை வரை போவதா வேண்டாமா, வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. வேர்த்துப் புரளும் குதிரைக்கு முன்னால் மச்சான் ஒரு தொகையும் சித்தப்பா ஒரு தொகையும் சொல்லிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

மூத்த குதிரைக்கு வரும் அவசரங்களில் முதலிடம் சூலைக்கு, அதாவது வயிற்று வலிக்கு. பல் தேய்ந்த குதிரை வைக்கோலைச் சரியாக மெல்லாமல் விழுங்கும். தண்ணீரும் குறைவாகக் குடித்தால் பெருங்குடலில் தீவனம் கட்டிக்கொள்ளும். இந்தவகைச் சூலை பெரும்பாலும் மருந்திலேயே சரியாகிவிடும். இன்னொரு வகை கொடியது. வயதான குதிரைகளின் குடல்தாங்கிச் சவ்வில் காம்பு வைத்த கொழுப்புக் கட்டி வளர்வதுண்டு. அந்தக் காம்பு சிறுகுடலைச் சுற்றி இறுக்கிவிட்டால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். அதற்கு அறுவை தவிர வழியில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தொடங்கும்: தரையை முன்காலால் பறண்டுவது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாமை. நாடித்துடிப்பு ஓரளவு வழிகாட்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டியது 60-ஐத் தாண்டி நின்றால், ஈறும் வெளிறியோ கருஞ்சிவப்பாகவோ மாறினால், காத்திருக்க நேரமில்லை. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடி எண்ணப் பழகுவதற்குக் காசு செலவில்லை. எத்தனை மணிக்கு எவ்வளவு என்று எழுதி வைத்த துண்டுச் சீட்டு, பின்னால் வரும் மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

செலவைப் பல மடங்காக்கும் தவறு ஒன்று உண்டு. மாட்டுக்கு ஊற்றுவதுபோலக் குதிரைக்கும் மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றுவதுதான் அது. வயிறு உப்பிய மாட்டுக்கு நல்லெண்ணெய் ஊற்றி எழுப்பிய அனுபவசாலி ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார், கூப்பிடாமலே வருவார். குதிரையின் தலையை உத்தரத்தில் கயிறு போட்டுத் தூக்கி, கடைவாயில் குழாயைச் செருகி ஊற்றும்போது, வலியில் இருக்கும் குதிரை ஒழுங்காக விழுங்காது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கும். எண்ணெய் என்பதால் உடனே பெரிதாக இருமலும் வராது. நல்லபடியாக உள்ளே போய்விட்டது என்று எல்லோரும் நம்புவார்கள். இரண்டொரு நாளில் காய்ச்சலும் மூக்கில் நாற்றமெடுத்த சளியுமாக நுரையீரல் அழற்சி வெளிப்படும். வேளை தவறாத ஒரு நாள் சிகிச்சையில் தீர்ந்திருக்கக்கூடிய சூலை, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் போடும் நோயாக மாறுகிறது. அதிலும் வயதான குதிரை பிழைப்பது அரிது.

எண்ணெய் தப்பித் தவறி வயிற்றுக்கே போனாலும் ஆபத்து நீங்குவதில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை அவ்வளவு இறுக்கம். மாட்டின் பெருவயிற்றோடு ஒப்பிட்டால் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது. பெரிய குதிரைக்கே 15 லிட்டர் அளவுதான். குடல் அடைத்திருக்கும்போது அது ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மேலும் ஊற்றினால் இரைப்பை வெடிக்கக்கூடும். மருத்துவர் செய்வது இதற்கு நேர் எதிர்: மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, தேங்கியதை முதலில் வெளியே எடுக்கிறார். பிறகு தேவைப்பட்டால் அதே குழாய் வழியாகப் பாரஃபின் எண்ணெயோ தண்ணீரோ விடுகிறார். வீட்டில் செய்யத்தக்கது இவ்வளவே: தீவனத்தை அகற்றுவது, குதிரை விழுந்து அடிபடாத இடத்துக்குக் கொண்டுவருவது, தளராதவரை மெல்ல நடத்துவது, மருத்துவரைக் கூப்பிடுவது.

ஊரார் மாட்டாஸ்பத்திரி என்று அழைக்கும் அரசு கால்நடை மருந்தகத்தில் குதிரைக்கும் வைத்தியம் உண்டு. 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியையும் அழைக்கலாம். இரவுக்கு அதை மட்டும் நம்பியிராமல், குதிரைக்கு மூக்குக் குழாய் விட்டுப் பழகிய மருத்துவர் யார் என்று முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவரும் அதில் பழகியிருக்க மாட்டார்கள். மாட்டில் நல்ல பெயர் எடுத்தவர் என்பது இங்கே சான்றாகாது.

ஆலோசனை இலவசமாகக் கிடைத்தாலும் மருந்துக்கடைச் சீட்டு பெரிதாக இருக்கும். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு 8 சதவீத நீரிழப்பு என்றால் 28 லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும். அரை லிட்டர் பாட்டில் கணக்கில் 56 பாட்டில். மனிதர்களுக்கான மருந்துக்கடையில் இரவு 11 மணிக்கு அத்தனை சலைன் கேட்டால் இருப்பு இருக்காது. திருச்சிக்கு ஆள் அனுப்ப வேண்டிவரும். வலிநிவாரண ஊசி போட்டதும் குதிரை அமைதியாகிவிட்டால் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். ஃப்ளூனிக்ஸின் போன்ற மருந்து வலியை அடக்கும். சுற்றிய குடலை அவிழ்க்காது. மருந்தின் வேகம் தணிந்ததும் வலி திரும்பினால் அடுத்த ஊசியைவிட அடுத்த மருத்துவமனையைப் பற்றி யோசிப்பது மேல்.

அந்த அடுத்த மருத்துவமனை பக்கத்தில் இல்லை. 1985-ல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முசிறி, தொட்டியம் வழியாகப் போக வேண்டும். 2012-ல் வந்த ஒரத்தநாடு கல்லூரி தஞ்சாவூருக்கு அப்பால். குதிரை நிற்கும் மினி லாரியில் இரண்டுக்கும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 300 கிலோமீட்டருக்கும் அதிகம். குதிரையின் வயிற்றைத் திறக்க முழு மயக்கமும், தூக்கிக் கிடத்தும் சாதனமும், மயக்கம் தெளியும்போது மோதி எலும்பு முறியாதபடி மெத்தையிட்ட அறையும் வேண்டும். அன்றைக்கு அங்கே இவையும் ஆளும் தயாரா என்று தொலைபேசியில் கேட்காமல் லாரியைக் கிளப்பினால் வாடகையும் குதிரையும் சேர்ந்து போகும். பேச வேண்டியவர் உரிமையாளர் அல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர். கிளம்புமுன் இரைப்பையைக் குழாய் விட்டுக் காலி செய்திருக்க வேண்டும். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அறுவையை மறுக்க வேண்டியதில்லை. இதயம், சிறுநீரகம், குடல் கெட்டிருக்கும் அளவு ஆகியவையே முடிவைச் சொல்லும்.

காப்பீடு பற்றிய எதிர்பார்ப்பிலும் மாட்டுக் கணக்கு குறுக்கிடுகிறது. தேசியக் கால்நடை இயக்கத்தின் மானியக் காப்பீட்டில் மாடு மட்டுமல்ல, சுமைக்கும் இழுவைக்கும் பயன்படும் குதிரை, மட்டக்குதிரை, கழுதையும் அடங்கும். 2024-ல் செய்த திருத்தப்படி பிரீமியத்தில் உரிமையாளர் பங்கு 15 சதவீதம். ஆனால் இது குதிரை இறந்தால் கிடைக்கும் பணம். சிகிச்சைச் சீட்டுக்கு ஒரு ரூபாய் வராது. வயது உச்சவரம்பும் இருக்கும். மேல்நாடுகளில் குதிரைக்கு மருத்துவச் செலவுக் காப்பீடே கிடைக்கிறது, அங்கும் வயது ஏற ஏறப் பாலிசி சுருங்கிக்கொண்டே போகும். எனவே மூத்த குதிரைக்கு மாதாமாதம் தனியாக ஒதுக்கி, வேறெதற்கும் தொடாத சேமிப்புதான் நடைமுறைக் காப்பீடு.

ஒதுக்கும் தொகை சிறிதாக இருக்க வேண்டுமானால் தீவனத்தைக் கவனிக்க வேண்டும். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் ஊர். தவிடு எளிதாகக் கிடைக்கும், பல் போன குதிரைக்கு ஊறவைத்துக் கொடுக்க வசதி. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். நாள்தோறும் அதையே கொடுத்தால் ஈடுகட்டக் கால்சியம் எலும்பிலிருந்து உறிஞ்சப்படும். தாடை வீங்கும், கால் நொண்டும், எலும்பு எளிதில் முறியும். ஐரோப்பாவில் மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இது அதிகம் வந்ததால் ஆலைக்காரர் நோய் என்றே பெயர் வந்தது. தவிட்டைக் குறைத்து, மருத்துவர் சொல்லும் அளவில் கால்சியம் கார்பனேட் சேர்ப்பதும், ஆண்டுக்கு ஒருமுறையாவது பல்லைப் பார்த்து ராவுவதும், டெட்டனஸ் தடுப்பூசியும் மலிவானவை.

தேறாது என்று தெரிந்தபின் தொடரும் செலவுக்குக் கருணை என்ற பெயர் பொருந்தாது. மருத்துவரின் ஊசியால் வலியின்றி முடிப்பது உரிமையாளர் ஒப்புதலோடு நடப்பது. உரிமையாளரே இல்லாமல் வழியில் கிடக்கும் குதிரைக்கான நடைமுறையை 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. ஆழக் குழி தோண்டப் பொக்லைன் வாடகை, சுண்ணாம்பு, சொந்த நிலம் இல்லையென்றால் பேரூராட்சியில் கேட்க வேண்டிய இடம் ஆகியவற்றையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். காப்பீடு இருந்தால், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, மருத்துவர் உடற்கூறு பார்த்துச் சான்று எழுதி, அடையாளம் தெரியும்படி படமும் எடுத்த பிறகே புதைக்க வேண்டும்.