வட்ட முகத்துக்குச் சதுரக் கண்ணாடியா?

வட்ட முகத்துக்குச் சதுர பிரேம், சதுர முகத்துக்கு வட்ட பிரேம், நீள்வட்ட முகத்துக்கு எதுவும் பொருந்தும் என்று ஒரு வாய்பாடு கண்ணாடிக் கடைகளிலும் கைப்பேசித் திரைகளிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டு, இன்று அது மருத்துவ விதியைப் போலவே நிலைத்துவிட்டது. முகத்தில் வட்டம் எங்கே முடிகிறது, சதுரம் எங்கே தொடங்குகிறது? அதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. ஒரே முகத்தை மூன்று விற்பனையாளர்கள் மூன்று வடிவமாகச் சொல்லலாம். தாடி வளர்த்தால், எடை கூடினால், தலையை வேறு விதமாக வாரினால் வடிவம் மாறிவிடும். வளைந்த முகத்துக்கு நேர்க்கோடு எடுப்பாக இருக்கும் என்ற எண்ணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அது ரசனை, ரசனையாகவே இருக்கட்டும். காந்தியின் வட்டக் கண்ணாடி 2014இல் தூய்மை இந்தியா திட்டத்தின் சின்னமாகவே ஆனது. அவர் முகம் என்ன வடிவம் என்று நாம் யாரும் கவலைப்படவில்லை.

இந்த வாய்பாடு சாகாமல் இருப்பதற்குக் காரணம் எளிது. அதைச் சொல்ல அளவுகோலும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். மேசைக்கு அப்பால் நின்றபடியே சொல்லிவிடலாம். கேட்பவருக்கோ தம்மை யாரோ அக்கறையாகப் பார்த்துவிட்டார்கள் என்ற நிறைவு. உண்மையில் பார்க்க வேண்டியது பிரேமின் கையில், உட்புறத்தில் அச்சாகியிருக்கிறது. 52, 18, 140 என்பது போன்ற மூன்று எண்கள்: ஒரு லென்ஸின் அகலம், மூக்கின் மேல் வரும் இடைவெளி, கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 70. நம் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம், கடைக்காரர்கள் ‘பி.டி.’ என்பது, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54க்கும் 74க்கும் இடையில் இருக்கும். அந்தக் கூட்டுத்தொகையும் பி.டி.யும் நெருங்க நெருங்க, கண் லென்ஸின் நடுவில் அமரும். நம்மில் எத்தனை பேருக்கு நம் பி.டி. தெரியும்?

அடுத்த நம்பிக்கை, பெரிய பிரேம்தான் எடுப்பு, பவர் கூடியவர்கள் காசு கொடுத்து மெல்லிய லென்ஸ் போட்டுக்கொண்டால் போதும் என்பது. கிட்டப்பார்வைக்கான மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். மைனஸ் 6 பவர், பி.டி. 62 உள்ள ஒருவர் 54, 18 அளவுள்ள பிரேமை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 72. எனவே ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 5 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் நகர்த்தியாக வேண்டும். நகர்த்தியதால் வெளி ஓரம் இன்னும் தடிக்கும். தோராயக் கணக்கில், சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் அந்த ஓரம் 8 மில்லிமீட்டரைத் தொடும். அவரே 46, 18 பிரேமை எடுத்தால் ஐந்தரைக்குள் அடங்கும். பெரிய பிரேமில் 1.67 ஒளிவிலகல் எண் கொண்ட விலையுயர்ந்த லென்ஸைப் போட்டாலும், சிறிய பிரேமின் சாதாரண லென்ஸைவிட மெலிதாகாது. அந்தப் பணம் பிரேமின் அகலத்தை ஈடுகட்டவே செலவாகிறது. மையத்தை நகர்த்தாமல் விட்டாலோ லென்ஸ் பட்டகம் போல ஒளியை வளைக்கும். வரும் தலைவலிக்கு நாம் பவரைக் குறை சொல்வோம்.

பெண்களுக்கு, அதுவும் திருமண வயதில், விளிம்பில்லாத பிரேம்தான் கண்ணாடியே தெரியாமல் மறைக்கும் என்கிறோம். பவர் குறைவானால் சரி. கூடிய பவரில் தடித்த ஓரம் வெட்டவெளியில் நிற்கும். சற்றே கனத்த பிளாஸ்டிக் (ஷெல்) பிரேம்தான் அதை மறைக்கும். ஆனால் மறைக்க வேண்டும் என்ற எண்ணமே எங்கிருந்து வந்தது? பெண்ணின் கண்ணாடியை ஒரு குறையாக எண்ணிப் பேசியவர்கள் நாம்தான். அதன் விலையை, கல்லூரியில் பலகை தெரியாமல் கண்ணாடியைப் பைக்குள் வைத்திருக்கும் பெண்கள் கொடுக்கிறார்கள்.

பிரேமின் பொருளிலும் ஒரு நம்பிக்கை உண்டு: ‘டிஆர்’ பிரேம் என்றால் டைட்டானியம் என்பார்கள். இல்லை, அது நைலான் வகைப் பிளாஸ்டிக். இலகுவானது, வளையக்கூடியது, நல்லதும்கூட. டைட்டானியத்தின் விலையைத்தான் கொடுக்கக் கூடாது.

நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்கள் உயரம் குறைந்த பிரேமைத் தேடுவதும் இப்படித்தான். தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்துச் செய்த புரோகிரசிவ் லென்ஸில் படிக்கும் பகுதி அடியில் இருக்கிறது. கண்மணிக்குக் கீழே, லென்ஸின் வகையைப் பொறுத்து, 14 முதல் 18 மில்லிமீட்டராவது வேண்டும். அது இல்லாத பிரேமில் லென்ஸை வெட்டும்போது, எதற்காகப் பணம் கொடுத்தோமோ அந்தப் பகுதியே குப்பைக்குப் போகிறது. பிறகு ‘புரோகிரசிவ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஊரெல்லாம் சொல்வோம்.

எல்லாவற்றிலும் பொல்லாதது, வளரும் பிள்ளைக்கு ஒரு சுற்றுப் பெரிய பிரேம் வாங்கினால் இரண்டு வருடம் வரும் என்ற சிக்கனம். பள்ளிச் சீருடைக்கு அது சரியாக இருக்கலாம். சிறு பிள்ளையின் மூக்குத்தண்டு இன்னும் உயரவில்லை. பெரிய பிரேம் மூக்கில் நிற்காமல் சரிகிறது, பிள்ளை லென்ஸுக்கு மேலாகப் பார்க்கப் பழகுகிறது. கண்ணாடி போட்டிருக்கிறான் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். அவனோ கண்ணாடி இல்லாமல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். சோம்பேறிக் கண்ணுக்காகக் கண்ணாடி எழுதிக்கொடுத்திருந்தால் இது இன்னும் மோசம். அந்தக் கண்ணைப் பழக்க இளவயதுதான் நல்ல காலம். பவர் மாறும்போது லென்ஸை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். பிரேமில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்காக அந்தக் காலம் கழிந்துபோகிறது.