மாதிரியுருவின் பயனும் எல்லையும்: வடமராட்சிக் கிணறுகளை வைத்து முக்கியக் குறிப்புகள்

• அறிவியலில் மாதிரியுரு என்பது இயற்கையின் ஒரு பகுதியை, ஒரு குறிப்பிட்ட கேள்விக்காக, வேண்டாத விவரங்களை விலக்கி எளிமையாக்கிய வடிவம். அது பொருளாக இருக்கலாம் (பூகோள உருண்டை), சமன்பாடாக இருக்கலாம், கணினி நிரலாக இருக்கலாம். பயன் மூன்று: விளக்குவது, எதிர்வுகூறுவது, அடுத்து எதை அளக்க வேண்டும் என்று காட்டுவது. மூன்றாவதைப் பலர் விடையில் எழுதாமல் விடுகிறார்கள்.

• வல்வெட்டித்துறைப் பிள்ளைகளுக்கு இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் வீட்டுக் கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து, மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிறது. கீழே கடல்நீர். அதன்மேல், எடை குறைந்த மழைநீர் வில்லை வடிவில் மிதக்கிறது. இதுவே நன்னீர் வில்லை.

• கைபன் – ஹேர்ஸ்பேர்க் மாதிரியுரு: நெதர்லாந்தின் இராணுவப் பொறியியலாளர் படோன் கைபன் 1889இலும், ஜெர்மனியின் ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே வெளியிட்டது. நன்னீரின் அடர்த்தி 1000, கடல்நீரின் அடர்த்தி 1025 (கனமீற்றருக்குக் கிலோகிராம்) எனக் கொண்டால், 1000 ÷ 25 = 40. அதாவது, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும்.

• இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். இறைத்து இறைத்து அந்த 1 மீற்றர் 75 சென்ரிமீற்றராக இறங்கினால், 40 மீற்றர் 30 ஆகிவிடும். மேலே கண்ணுக்குத் தெரிவது ஒரு சாண் இறக்கம். கீழே, சமநிலை வந்து சேரும்போது, சவர்நீர் 10 மீற்றர் ஏறியிருக்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் வராத ஆபத்து, பம்ப் பூட்டிய பிறகு ஏன் வந்தது என்பதை இந்த ஒரு வரிக் கணக்கு சொல்லிவிடுகிறது. நல்ல மாதிரியுருவின் பலம் இதுதான்: கையளவு தரவு, ஊரளவு எச்சரிக்கை.

• தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் பின்னாலும் இந்த எண்ணமே நிற்கிறது. கடல்நீர் வடமராட்சி நீரேரிக்குள் வராமல் தடுத்து, மழைநீரைத் தேக்கினால் சுற்றுக் கிணறுகளின் மட்டம் சில சென்ரிமீற்றராவது உயரும். அது கீழே நாற்பது மடங்காகப் பெருகும்.

• இனி எல்லைகள். புள்ளி கிடைப்பதும் பறிபோவதும் இங்கேதான்.

• எடுகோள் 1: நீர் அசையாமல் நிற்கிறது. இதன்படி கடற்கரையில் நீர்மட்டம் பூச்சியம், எனவே நன்னீரின் தடிப்பும் பூச்சியம். அப்படியானால் கீரிமலையில் கடலோரத்திலேயே ஊற்று வருவது எப்படி? நன்னீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டே இருப்பதால்தான். ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று ஹபேர்ட் 1940இல் காட்டினார். கரைக்கு அண்மையில் பழைய கணக்கு நன்னீரின் ஆழத்தைக் குறைத்தே சொல்கிறது.

• எடுகோள் 2: நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடையே கோடு போட்டாற்போல எல்லை உண்டு. உண்மையில் இருப்பது கலப்பு வலயம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். ஆகவே 40 மீற்றர் என்ற விடை வந்தால் 39ஆவது மீற்றரில் குடிக்கலாம் என்று பொருள் இல்லை.

• எடுகோள் 3: பாறை எங்கும் ஒரே சீரானது. மணலுக்கு இது ஓரளவு பொருந்தும். நம்முடைய சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் குகையும் நிறைய, நீர் அவற்றின் வழியே பாயும். ஒரே ஒழுங்கையில் ஒரு வளவில் நல்ல தண்ணீர், அடுத்த வளவில் சவர். எந்தக் கிணறு முதலில் கெடும் என்று இந்தச் சமன்பாட்டால் சொல்ல முடியாது. மின்கடத்துதிறனைக் கிணறு கிணறாக அளந்தே அறிய வேண்டும்.

• எண்ணும் நிலையானதல்ல. கடல்நீரின் அடர்த்தி 1030 என்றால் 40 என்பது 33 ஆகும். உள்ளீடு சிறிது மாற, விடை நிறைய மாறுகிறது.

• கேட்காத கேள்விக்கு மாதிரியுரு விடை தராது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கிணறுகளுக்குள் மேலிருந்து வந்தது. இந்த மாதிரியுருவோ கீழிருந்து வருவதை மட்டுமே பார்க்கிறது. உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் அப்படியே. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரும் இந்தக் கணக்கில் ‘நன்னீர்’தான்.

• வேறுவகை எல்லைக்கு உதாரணம் புரெவிப் புயல். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது, பின்னர் மன்னார் வளைகுடாவில் நகராமல் தேங்கி வலுவிழந்தது. இத்தகைய நகர்வை முன்கூட்டியே சொல்வது கடினம்: வானிலை மாதிரியுருவில் தொடக்க அளவீட்டுப் பிழை நாளாக நாளாகப் பெருகும் (லோரன்ஸ், 1963). எனவே முன்னறிவிப்பை நிகழ்தகவாகவே வாசிக்க வேண்டும்.

• போரின் அணு மாதிரியுரு (1913): ஐதரசனுக்குப் பொருந்தும், இரண்டு இலத்திரன் உள்ள ஈலியத்துக்கே பொருந்தாது. ஆயினும் பாடத்தில் வைத்திருக்கிறோம், சக்திமட்டம் என்ற கருத்தை அது தெளிவாகத் தருவதால்.

• பரீட்சையில் ‘மாதிரியுரு தவறானது’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். சமன்பாடு, எடுகோள்கள், அவை உடையும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். கணக்கு வந்தால் அடர்த்தி அலகையும் குறிப்பிடுங்கள்.