அரபி லேபிளில் தேதி புரளாமல் இருக்க

வளைகுடா நாடுகளில் விற்பனைக்குப் போகும் மசாலா, அரிசி, ஊறுகாய்ப் பொட்டலங்களில் அரபி வாசகம் இருந்தாக வேண்டும். அதைத் தங்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே நோட்பேடில் அடித்து அச்சகத்துக்குக் கொடுக்கும் வணிகர்களுக்காக இதை எழுதுகிறோம்.

அரபி வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்து. ஆனால் அதன் நடுவே வரும் எண்கள் மட்டும் நம் வழக்கம்போல் இடமிருந்து வலம்தான். தொல்லையெல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

வரி இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, முற்றுப்புள்ளி தவறான முனையில் நின்றால் அஞ்ச வேண்டாம். விண்டோஸில் அரபி விசைப்பலகையைச் சேர்த்திருந்தால், வலப்பக்கத்துக் கண்ட்ரோல், ஷிப்ட் விசைகளை ஒருசேர அழுத்தினால் போதும், வரி திரும்பிவிடும். சேமித்த பிறகு எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டதா? அதை மீட்க முடியாது. மீண்டும் அடித்து, யூடிஎப்-8 முறையில் சேமியுங்கள்.

பணத்தைக் கரைக்கும் பிழை தேதியில் இருக்கிறது. காலாவதி என்பதற்கான அரபிச் சொல்லை அடித்து, அதே வரியில் 10-12-26 என்று அடித்துப் பாருங்கள். திரையில் 26-12-10 என்று தெரியும். அரபி எழுத்துக்குப் பின்னால் வரும் சிறுகோட்டைக் கம்ப்யூட்டர் எண்ணோடு சேர்த்துக் கொள்வதில்லை. ஆகவே மூன்று எண்களையும் தனித்தனியாக வலமிருந்து அடுக்குகிறது. 2026 டிசம்பர் வரை தாங்கும் மிளகாய்த்தூள், 2010லேயே காலாவதி ஆனதாக லேபிள் சொல்லும்! சரக்கு துறைமுகத்தில் நின்ற பிறகு யாரிடம் போய் விளக்குவது?

சிலர் திரையில் சரியாகத் தெரியட்டும் என்று தேதியையே தலைகீழாக அடித்துவிடுகிறார்கள். இது கூடவே கூடாது. அச்சகத்தார் அந்தத் தேதியை வேறு வரிக்கு மாற்றினால் மறுபடி புரண்டுவிடும். சிறுகோட்டுக்குப் பதில் சாய்கோடு போட்டு 10/12/26 என்று அடித்தால் இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலும் புரளாது. ஆனாலும் அரபிச் சொல்லை மேல் வரியிலும், தேதியைக் கீழே தனி வரியிலும் போடுவதே நமக்கு நிம்மதி. ஆண்டை நான்கு இலக்கமாக, 2026 என்றே போடுங்கள்.

அச்சகத்துப் படியில் அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து நின்றால், குறை உங்கள் கோப்பில் இல்லை. அவர்களது வடிவமைப்பு மென்பொருளில் அரபி வசதி இல்லை என்று பொருள். அந்தப் படியை அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே மொத்தமாக அச்சடிக்கச் சொல்லுங்கள்.