பெயர்ச்சீட்டு இல்லாத ஸ்லிப்பர் ஆர்க்கிட்: கம்ப்யூட்டரில் அடையாளம் காண்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள், கேம்ஸ் ஆடுவார்கள். அடுத்த மாதம் "இதில் உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். படங்களைச் சேமிப்பது, இணையத்தில் தேடுவது, ஒர்க் ஷீட்டில் பதிவது ஆகிய மூன்றையும் ஒரே வேலையில் பழகிக்கொள்ள இதோ ஒரு பயிற்சி.

பாடத்திற்கு எடுத்துக்கொண்டது பெங்களூரில் என் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் இருக்கும் ஸ்லிப்பர் ஆர்க்கிட். மலர்க் கண்காட்சியில் வாங்கியது. தொட்டியில் பெயர்ச்சீட்டு கிடையாது. இந்தச் செடிகளில் குளிர் கேட்பதும் உண்டு, வெப்பம் கேட்பதும் உண்டு. தவறான பெயரை நம்பி வளர்த்தால் ஒன்று பூக்காது, அல்லது செத்துவிடும்.

முதலில் குடும்பத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பூவின் கீழ் இதழ் செருப்பின் முன்பகுதி போல, ஒரு பையாக இருந்தால் அது ஸ்லிப்பர் ஆர்க்கிட். இதில் ஐந்து பேரினங்கள் உண்டு. நம் ஊர் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஆசியாவைச் சேர்ந்த பாபியோபெடிலம். மடிப்பு மடிப்பான இலைகளுடன், குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே இல்லாமல் மறைந்துவிடுவது சிப்ரிபீடியம். வாடுவதற்கு முன்பே பூ முழுதாக உதிர்ந்தால் அமெரிக்கக் கண்டத்தின் பிராக்மிபெடிலமாக இருக்கலாம்.

இனி படங்கள். ஒரு அழகான படம் எடுத்தால் போதாது, ஐந்து தேவை. பூவின் நேர் முகம், பக்கவாட்டு, பின்புறம், இலையின் மேல்பக்கம், இலையின் அடிப்பக்கம். ஆறாவதாக, பையின் வாய்க்கு மேலே பூவின் நடுவில் உள்ள சிறிய கேடயம் போன்ற தகட்டை நெருங்கி எடுங்கள். ஸ்டாமினோட் எனப்படும் இதன் வடிவத்தை வைத்துத்தான் தாவரவியலாளர்கள் பல இனங்களைப் பிரிக்கிறார்கள். கடையில் விற்பவர் இதைப் பார்ப்பதே இல்லை! பூவின் அருகே ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் இருக்கட்டும். நிறமும் அளவும் பின்னால் சந்தேகம் தராது.

மொபைலில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி எடுத்துக்கொள்ளாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். இதழ் ஓரத்து மருக்களும் முடிகளும் காணாமல் போகும். யு.எஸ்.பி. கேபிள் மூலம் காப்பி செய்திடுங்கள். பின் டாக்குமெண்ட்ஸில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்கி, பைலைத் தேர்ந்தெடுத்து எப் 2 கீயை அழுத்தித் தேதி, பகுதி என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் காப்பியில்தான். ஒரிஜினலில் கை வைக்க வேண்டாம்.

அடுத்து பிரவுசரில் கூகுள் இமேஜஸ் பக்கத்தைத் திறந்து, தேடல் கட்டத்தில் உள்ள கேமரா ஐகானில் கிளிக் செய்து, நேர் முகப் படத்தை இழுத்து விடுங்கள். முடிவுகள் வரிசையாகக் கிடைக்கும். முதலில் வந்த பெயரைச் சீட்டில் எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

என் செடியின் இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்த கட்டம் கட்டமான திட்டுகள். பூவின் மேல் இதழ் வெள்ளை, அதில் பச்சைக் கோடுகள். தேடலில் கலோசம், லாரன்சியானம், மாடியே என மூன்று பெயர்கள் மாறி மாறி வந்தன. காரணம் எளிது. முதல் இரண்டும் காட்டு இனங்கள். மாடியே அவ்விரண்டின் கலப்பு, 1900ஆம் ஆண்டு பதிவானது. பிள்ளை அப்பாவைப் போலவும் அம்மாவைப் போலவும் இருப்பதில் என்ன ஆச்சரியம்? கலோசத்தில் பக்க இதழ்கள் கீழ்நோக்கிச் சரியும், மருக்கள் பெரும்பாலும் மேல் ஓரத்தில். லாரன்சியானத்தில் இதழ்கள் கிட்டத்தட்டப் படுக்கையாக நீளும், மருக்கள் இரண்டு ஓரங்களிலும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் என் பூ நடுவில் நின்றது.

அப்படியானால் மாடியேதானா? ஆர்க்கிட் கலப்பினங்களுக்கு லண்டனில் உள்ள ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, இணையத்திலேயே தேடலாம். ஆனால் அது பெற்றோர் பெயர் கொடுத்தால் பிள்ளையின் பெயர் சொல்லும் டேட்டாபேஸ். பூவைக் காட்டினால் சொல்லாது. மாடியேயை மறுபடி மறுபடி கலந்த செடிகள் ஏராளம். எங்கள் தொழிலில் சொல்வதானால், ப்ரைமரி கீ அழிந்துபோன ரெக்கார்டு இது. மற்ற பீல்டுகளை வைத்து ஊகிக்கலாம், மீட்க முடியாது. எனவே என் சீட்டில் "மாடியே வகை, பெயர் உறுதியில்லை" என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். உலகெங்கும் ஆர்க்கிட் வளர்ப்போர் இத்தகைய செடிகளை "நோ ஐடி" என்பார்கள். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

பராமரிப்புக்கு முழுப் பெயர் தேவையும் இல்லை. இலையே பாதி சொல்லிவிடும். திட்டுள்ள இலை என்றால் பொதுவாக வெதுவெதுப்பு வேண்டும்; இரவில் 16 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. வெறும் பச்சை இலையுடன் ஒற்றைப் பூ பூப்பவற்றில் பல, இரவுக் குளிர் 10 முதல் 13 டிகிரி வரை இறங்கினால்தான் மொட்டு விடும். சமவெளியில் இருப்பவர்கள் திட்டு இலையையே வாங்குவது புத்திசாலித்தனம்.

வெயில் நேராகப் படக்கூடாது. இச்செடிக்கு நீர் சேமிக்கும் தண்டுக் கிழங்கு இல்லாததால் தொட்டி முழுக்கக் காயவும் கூடாது, சொதசொதவென்றும் இருக்கக்கூடாது. காலையில் ஊற்றுங்கள். இலைக்குருத்தில் நீர் தங்கினால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். அழுகல் அங்கேதான் தொடங்கும். போர்வெல் நீரின் உப்பு இலை நுனியைக் கருக்கும், மழைநீர் கிடைத்தால் விடாதீர்கள். உரம் பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்கு போதும். மண் வேண்டவே வேண்டாம். மரப்பட்டைத் துண்டுகள், கரித்துண்டுகள். இவை மக்கிவிடும் என்பதால் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளில் மாற்றுங்கள். வேர்கள் பழுப்பாக, முடியுடன் இருக்கும்; அழுகிவிட்டது என்று வெட்டாதீர்கள். பூத்த கன்று மறுபடி பூக்காது, ஆனால் பக்கக் கன்றுக்கு அதுதான் உணவு தரும். பூக்காம்பை மட்டும் நீக்குங்கள்.

இவற்றை ஒரு ஒர்க் ஷீட்டில் பதியுங்கள். தேதி, குறைந்தபட்ச வெப்பநிலை, நீர், உரம், குறிப்பு என ஐந்து காலம் போதும். மொட்டு எந்தக் குளிரில் வந்தது என்று உங்கள் ஷீட் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. "மலையிலிருந்து கொண்டுவந்தது" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அகத்தியமலைப் பகுதிக்கே உரிய ட்ரூரி என்ற மஞ்சள் பூ இனம், ஆட்கள் பிடுங்கிப் பிடுங்கியே காட்டில் அழிவின் விளிம்புக்கு வந்தது. காட்டுப் பாபியோபெடிலங்களை 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கிறது. சர்வதேச வர்த்தகத்தில் இவை சைட்டிஸ் முதல் பட்டியலில் உள்ளன. தேடலில் உங்கள் செடிக்கு ட்ரூரி என்று பெயர் வந்தால், ஸ்டாமினோட் படத்துடன் ஒரு தாவரவியல் துறையை அணுகுங்கள்.

கன்று பிரித்து நண்பருக்குக் கொடுக்கும்போது சீட்டில் உள்ள "உறுதியில்லை" என்ற சொல்லையும் சேர்த்தே கொடுங்கள். போட்டோ போல்டரைப் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த பூ வரும்போது அதே கோணங்களில் எடுத்து ஒப்பிடலாம்.