செவிமடுத்துப் பயில்வோம்: ஓர் இசைத்தட்டு

'ஹெவி மெட்டல்' என்னும் மேனாட்டு இசையின் பெயரைக் கேட்டதும் பெற்றோர் பலர் முகம் சுளிப்பதுண்டு. 'சாத்தானின் இசை' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோரும் உளர். அவ்வகையில் புதிய தொகுப்பொன்று வீட்டினுள் வரும்போது அதனை எவ்வாறு கூர்ந்து கேட்பது? இவ்வகைக்கே முதல் தட்டு எனப் பலரும் கருதும் ஒன்றைக் கொண்டு பயில்வோம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து 'பிளாக் சபாத்' குழுவினர் 1970 பிப்ரவரி 13 அன்று வெளியிட்ட தட்டு அது. குழுவின் பெயர், தட்டின் பெயர், முதற்பாட்டின் பெயர் மூன்றும் ஒன்றே.

கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி இதற்கு உதவாது. பாஸ் கித்தாரின் தாழ்ந்த ஒலி அதில் எழவே எழாது. காதொலிப்பான் இருந்தால் நன்று.

தொடக்கத்தில் இசையே இல்லை. மழை பெய்கிறது, இடி முழங்குகிறது, தொலைவில் ஒரு மணி ஒலிக்கிறது. பிறகு திடீரெனக் கித்தார் எழுந்து, மூன்றே சுரங்களை மிக மெதுவாக இசைக்கிறது. நம் வயிற்றைக் கலக்கும் அச்சம் இங்கேதான் பிறக்கிறது. பாட்டு வகுப்புக்குச் செல்லும் மாணவியர் இதனை எளிதில் கண்டுகொள்வர். முதற்சுரத்தைச் சட்சம் என்று கொண்டால், இரண்டாவது மேல் சட்சம். மூன்றாவது பிரதி மத்தியமம். நம் கல்யாணி இராகத்தில் இனிக்கும் அதே சுரந்தான்! கல்யாணியில் அது காந்தாரத்தோடும் பஞ்சமத்தோடும் கைகோத்து வருகிறது. இங்கோ துணையின்றித் தனியே நிற்கிறது. கித்தார்க்காரர் டோனி அயோமி அதனை நடுங்கவிடுகிறார், பஞ்சமத்தில் கொண்டுபோய் அமர்த்துவதில்லை. அமைதி வரும் வரும் என்று காத்திருக்கும் காதுக்கு அமைதி கிட்டவில்லை.

இவ்விடைவெளியை 'இசையில் சாத்தான்' என்று ஐரோப்பிய இசைநூலார் அழைத்ததுண்டு. பாடுவதற்குக் கடினமாகையால் பழைய தேவாலய இசையில் இதனைத் தவிர்த்தனர். திருச்சபை தண்டனை விதித்துத் தடைசெய்தது என்பது வெறும் கதை. அப்படி ஒரு கட்டளை காணப்படவில்லை.

சொற்களையும் கவனிப்போம். கரிய உருவம் ஒன்று தன்னைச் சுட்டி நிற்பதைக் கண்டு ஒருவன் நடுங்குகிறான். தன்னைக் காக்குமாறு இறைவனை நோக்கிக் கதறுகிறான். இது சாத்தானைப் போற்றும் பாட்டன்று, அஞ்சி அலறும் பாட்டு. பாடியவர் 2025-இல் காலமான ஆஸி ஆஸ்போர்ன். பாட்டுக்குக் கருவான அனுபவத்தைச் சொன்ன பாஸ் கித்தார்க்காரர் கீசர் பட்லர், கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். தட்டின் உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவையை அச்சிட்டது வெளியீட்டு நிறுவனம். அதனைக் கண்டு பெற்றோர் மனம் நொந்தால் அதில் வியப்பில்லை. அது வருந்தத்தக்க வணிகத் தந்திரமே. குழுவினர் தம் கழுத்தில் அணிந்ததோ நேரான சிலுவை.

இனி அந்தக் கித்தாரின் கனத்துக்கு வருவோம். அயோமி உலோகத் தகடு செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர். 1965-இல், பதினேழாம் வயதில், அவ்வேலையின் கடைசி நாளன்று, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் ஆதலால் தந்தியை அழுத்த வேண்டியவை அவ்விரல்களே. இரு விரல்கள் செயலிழந்தும் பெரும் புகழ்பெற்ற கித்தார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஆலை மேலாளர் கொண்டுவந்து கேட்கச் செய்தார். அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரற்கூடு செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். வலியைக் குறைக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினார். விரலுக்கு எளிய சில சுரங்களை அழுத்தமாக, நிதானமாக இசைப்பதே அவர் வழியாயிற்று.

மற்றப் பாடல்களைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. இரண்டாம் பாட்டில் ஆஸ்போர்ன் ஊதும் மவுத்தார்கன் மகிழ்ச்சி தருகிறது. பில் வார்டின் டிரம்மில் ஜாஸ் இசையின் துள்ளல் உண்டு. கடைசிப் பாட்டின் கித்தார் அலைச்சல் நம் பொறுமையைச் சோதிக்கிறது. தட்டு முழுவதையும் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவுசெய்ததால் வெட்டித் திருத்த நேரமில்லை போலும்.

முதற்பாட்டை மறுமுறை கேட்கையில் பாட்டுச் சொற்களை விட்டுவிட்டு, அந்த மூன்றாம் சுரத்தை மட்டும் பின்தொடர்வோம். பாட்டின் இறுதிப் பகுதியில் தாளம் திடீரென விரைகிறது. அங்கே அச்சம் கூடுகிறதா, குறைகிறதா என்பதை அவரவர் காதே சொல்லட்டும்.